ஊர் ஸ்கூலுக்கு 2 லட்ச ரூவா: ஸ்மார்ட் போர்டா, ப்ரொஜெக்டரா, டிவியா, டேப்லெட்டா?

கூடப் படிச்ச பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புல பழைய ஸ்கூலுக்குன்னு காசு சேர ஆரம்பிச்சதும் யாராவது ஒருத்தர் "ஸ்மார்ட் கிளாஸ் போட்டுக் குடுத்துடலாம்டா"ன்னு ஒரு மெசேஜ் தட்டுவாரு, அதுக்கு கீழ இருபது கட்டைவிரல் விழும், அப்புறம் ஒரு மாசம் சண்டை. சிங்கப்பூர்ல இருக்கவருக்கு அவரு பையன் ஸ்கூல்ல பாத்த பெரிய டச் போர்டு வேணும், ஊர்லயே இருக்கவருக்கு ப்ரொஜெக்டர் போதும், ஐடில இருக்கவரு டேப்லெட்டுன்னு ஒத்தக்கால்ல நிப்பாரு. எச்.எம். கிட்ட கேட்டா "நீங்க எது குடுத்தாலும் சந்தோஷம் சார்"ம்பாங்க. பாவம், அவங்க வேற என்ன சொல்ல முடியும்.

இந்த வருஷம் மட்டும் மூணு குரூப்புலேருந்து என்கிட்ட இதே கேள்வி. ஏன் என்கிட்டன்னா, நாங்க ஒருதடவ வாங்கி கையச் சுட்டுக்கிட்டது எல்லாருக்கும் தெரியும் (அந்தக் கதை கீழ ப்ரொஜெக்டர் பகுதில வருது). அதனால தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புறத விட எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். கணக்குக்கு நான் எடுத்துக்கிட்டது: கையில 2 லட்சம், கிராமத்துல அரசு நடுநிலைப்பள்ளி, கிளாசுக்கு 30 - 35 புள்ளைங்க, 20க்கு 20 அடி ரூம். பாதி விஷயம் எங்க அக்கா சொன்னது, அவ பல வருஷமா கணக்கு எடுக்குற டீச்சர், எதையும் லேசுல நம்ப மாட்டா.

## வாங்குறதுக்கு முன்னாடி

கவர்மெண்ட் ஏற்கனவே என்ன குடுத்திருக்குன்னு போய் கண்ணால பாத்துட்டு வாங்க. தமிழ்நாட்டுல 2024லேருந்து அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு சுமார் 23 ஆயிரம் ஸ்மார்ட் வகுப்பறை, நடுநிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், தொடக்கப்பள்ளி டீச்சருங்களுக்கு டேப்லெட்னு திட்டம் போட்டுக் குடுத்தாங்க. ஒரு ஊர்ல நம்ம ஆளுங்க ஆசையா ஒரு போர்டு வாங்கிப் போட்டாங்க, கொஞ்ச நாள்லயே கவர்மெண்ட் போர்டும் வந்து இறங்கிடுச்சு, இப்ப ஒரே ரூம்ல எதிரெதிர் சுவத்துல ரெண்டு. அந்த மாதிரி இடத்துல நம்ம காசுக்கு வேற வேல இருக்கு: யூபிஎஸ், ஜன்னலுக்கு கிரில், நல்ல ஸ்பீக்கர்.

முன்னாள் மாணவங்க குடுக்குறதுக்கு 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கு, அது வழியாவும் போகலாம். எப்படிக் குடுத்தாலும் பில்லோட ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தச் சொல்லுங்க.

அந்த ரெஜிஸ்டர்ல ஒரு வில்லங்கமும் இருக்கு. அதுல ஏறின பொருள் ஒடஞ்சா யாரு பதில் சொல்றதுங்கற பயத்துலயே பாதி ஸ்கூல்ல பொருள் பீரோவ விட்டு வெளிய வராது. டீச்சருங்க சோம்பேறின்னு குரூப்புல ஈஸியா சொல்லிடுறோம், ஒண்ணரை லட்ச ரூவா கண்ணாடிய 35 புள்ளைங்க நடுவுல வச்சுட்டு ஒடஞ்சா நீதான் பொறுப்புன்னா நானும் பூட்டிதான் வைப்பேன்.

## எத வச்சு எடை போடுறது

நான் பாக்குறது அஞ்சு விஷயம்.

கடைசி பெஞ்சுக்கு எழுத்து தெரியுதா. கரண்ட்டும் நெட்டும் கட் ஆனா என்ன ஆகும். பீரியட் 40 - 45 நிமிஷம்தான், அதுல ஆன் பண்ண எவ்ளோ நேரம் போகும். மூணாவது வருஷம் ரிப்பேர் வந்தா யாரு காசு, யாரு வந்து பாப்பாங்க. அஞ்சாவதுதான் எனக்கு முக்கியம்: அந்தப் பொருள் வந்ததுக்கு அப்புறம் புள்ளைங்க அதிகமா *செய்யுறாங்களா*, இல்ல அதிகமா *பாக்குறாங்களா*. அக்கா சொல்ற மாதிரி சொன்னா, "முன்னாடி நான் பேச அதுங்க தூங்கும், இப்ப வீடியோ பேச அதுங்க முழிச்சிட்டு இருக்கும், கணக்கு மட்டும் ரெண்டுலயும் வராது".

எழுத்து தெரியுறதுக்கு ஒரு கைக்கணக்கு சொல்றேன். திரையோட உயரத்த ஆறால பெருக்குங்க, அந்த தூரம் வரைக்கும்தான் உக்காந்து வசதியா படிக்க முடியும். 55 இஞ்ச் டிவி உயரம் 68 செமீ சுமாருக்கு, அப்ப 13 அடி. 65 இஞ்சுக்கு 16 அடி, 75க்கு 18. ப்ரொஜெக்டர்ல 100 இஞ்ச் படம் விழுந்தா 24 அடி. நம்ம ரூம் 20 அடி, மொத பெஞ்சுக்கு முன்னாடி ஒரு நாலடி விட்டாலும் கடைசி பெஞ்ச் 16 - 17ல இருக்கும். அதனால 43 இஞ்ச் டிவிய வாங்கி மாட்டிட்டு ஸ்மார்ட் கிளாஸ்னு பேர் வைக்காதீங்க, அதுல முன்னாடி ரெண்டு வரிசைதான் ஸ்மார்ட்.

## ஸ்மார்ட் போர்டு (டச் பேனல்)

எல்லாருக்கும் கண்ணு இதுமேலதான். பளிச்சுன்னு இருக்கும், ஜன்னல் தொறந்திருந்தாலும் தெரியும், விரலால எழுதலாம், எழுதினத சேவ் பண்ணலாம், ஸ்விட்ச் போட்டா அரை நிமிஷத்துல ரெடி. நான் விசாரிச்சப்ப 65 இஞ்ச் ஒரு லட்சத்துக்கு மேல, 75 இஞ்ச் ஒண்ணரைலேருந்து ரெண்டு. அதாவது ஒரே ஒரு ரூமுக்கு மொத்தக் காசும் போயிடும், மத்த ஏழு வகுப்பு ஜன்னல் வழியா எட்டிப் பாக்கும்.

மறைஞ்சிருக்க செலவுதான் இதுல ஜாஸ்தி. கம்பெனிக்காரங்க போர்டோட சேத்து 'கன்டென்ட்'னு ஒண்ணு விப்பாங்க, மொத வருஷம் ஃப்ரீ, அப்புறம் வருஷா வருஷம் பணம் கட்டணும், அதுலயும் பாதி சிபிஎஸ்இ இங்கிலீஷ் பாடமா இருக்கும். அது வேணாம்னு மொதல்லயே சொல்லிடுங்க. சமச்சீர் பாடத்துக்கு கல்வித் தொலைக்காட்சி வீடியோ, 2023ல வந்த மணற்கேணி ஆப், 2018லேருந்து பாடப்புத்தகத்துல வர்ற க்யூஆர் கோடுன்னு எல்லாம் காசில்லாம கிடக்கு. அடுத்து, உள்ள இருக்க ஆண்ட்ராய்டு மூணு நாலு வருஷத்துல பழசாகி ஆப் எல்லாம் மக்கர் பண்ணும், அப்ப கம்ப்யூட்டர் பெட்டி தனியா சொருகணும், அது தனி ரேட்டு. கண்ணாடி போச்சுன்னா சர்வீஸ் ஆள் திருச்சிலேருந்தோ சென்னைலேருந்தோ வரணும், வர்றதுக்குள்ள காலாண்டுப் பரீட்சையே முடிஞ்சிடும்.

லண்டன்ல 2000களோட நடுவுல செகண்டரி ஸ்கூலுங்களுக்கு இந்த டச் போர்டுகள அள்ளிக் குடுத்தாங்க. 2007ல வந்த ஆய்வறிக்கைல, மொத வருஷத்துல மார்க்குல சொல்லிக்கிற மாதிரி மாற்றம் எதுவும் இல்லன்னு இருந்துச்சு. ஒவ்வொரு புள்ளையா எந்திரிச்சு வந்து போர்ட தொட்டுட்டுப் போறதுல சில வகுப்புல பாடமே மெதுவாயிடுச்சுன்னும் சொன்னாங்க. அக்கா ஸ்கூல்லயும் இதேதான், ஒருத்தன் போர்டுல இழுப்பான், மிச்ச 34 பேரு "டீச்சர் நான் டீச்சர் நான்"னு கத்தும்.

அப்ப இது யாருக்கு சரி? 9லேருந்து 12 வரைக்கும் இருக்க ஸ்கூலு, ஜியோஜீப்ராங்கற கணக்கு ஆப்ல ஒரு முக்கோணத்த இழுத்து இழுத்துக் காட்டவோ, ஃபெட்ங்கற சயின்ஸ் சிமுலேஷன்ல சர்க்யூட் போட்டுக் காட்டவோ தெரிஞ்ச ஒரு கணக்கு டீச்சரோ பிசிக்ஸ் சாரோ இருக்காரு, இன்னும் ரெண்டு மூணு வருஷம் அங்கேயே இருப்பாரு, அப்டீன்னா கண்ண மூடிட்டு வாங்கிக் குடுங்க. அந்தக் கையில அது நிஜமாவே வேற பொருள். அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சுன்னா அந்த போர்டு வெறும் பெரிய சைஸ் டிவிதான்.

## ப்ரொஜெக்டர்

எங்க கதை இதுதான். 2018ல பேட்ச்ல காசு போட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தோம், ரிப்பன் வெட்டி போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. மொத வருஷம் நல்லா ஓடுச்சு. ஆனா ரூம் இருட்டா இருக்கணும்ல, ஜன்னல சாத்தினா ஜூன் மாச வெக்கைல 35 புள்ளைங்களும் டீச்சரும் அவிஞ்சு போவாங்க, தொறந்தா படம் வெளுத்துப் போகும். நாளாக நாளாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்னு ஆயிடுச்சு. அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சுல மூடின ஸ்கூல் 1லேருந்து 8 வரைக்கும் 2021 நவம்பர் 1ம் தேதிதான் தொறந்துச்சு, பீரோவத் தொறந்து பாத்தா லென்ஸ்ல பூஞ்சை, ஒயர எலி மென்னு வச்சிருக்கு. ரிப்பேர்காரரு லேம்புக்கும் சேத்து சொன்ன ரேட்டுல ஒரு டிவியே வாங்கிடலாம்.

நல்லதா ஒண்ணு 40 - 60 ஆயிரம் வரும். லேம்ப் வச்ச மாடல் சுமாரா 3000 - 5000 மணி நேரம் வரைக்கும் தாங்கும்பாங்க, புழுதி அடைஞ்சு ஃபில்டர் தொடைக்காம விட்டா அவ்ளோ வராது. லேசர் மாடல்னா 20 ஆயிரம் மணி நேரம், ஆனா வெலையும் ஏறும். ஆன்லைன்ல 8 ஆயிரத்துக்கு வர்ற குட்டி டப்பாவ வாங்கிடாதீங்க, அது ராத்திரி வீட்ல படம் பாக்க மட்டும்.

இருந்தாலும் இத மொத்தமா ஒதுக்க மாட்டேன். எல்லா வகுப்பையும் ஒண்ணா உக்கார வைக்கிற ஹால் இருந்து, 80 - 100 புள்ளைங்க பாக்கணும்னா ப்ரொஜெக்டர்தான், எந்த டிவியும் பத்தாது. அரசு பள்ளிகள்ல 2022லேருந்து மாசம் ஒரு சிறார் படம் போடுறாங்கல்ல, அதுக்கு இதவிட நல்ல பொருள் கிடையாது. திருட்டு பயம் இருக்க ஊர்லயும் ஒரு வசதி, லீவுக்கு கழட்டி யார் வீட்லயாவது வச்சுக்கலாம். (எலி இல்லாத வீடா பாத்து.)

## பெரிய டிவி, பழைய லேப்டாப், ஒரு போன் ஸ்டாண்டு

65 இஞ்ச் டிவி 55லேருந்து 70 ஆயிரம். லேப்டாப் புதுசா வாங்காதீங்க, நம்ம ஆளுங்க ஆபீஸ்ல மாத்தினதுல ஒண்ணு எங்கயாவது சும்மா கிடக்கும், பேட்டரி செத்திருந்தாலும் பரவால்ல சார்ஜர்லயே ஓடட்டும். 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல வந்தது கூட சில வீட்ல இன்னும் உயிரோட இருக்கு. எங்க வீட்டுது இல்ல, அத தம்பி படம் பாத்தே தேச்சுட்டான்.

ஸ்டாண்டுதான் இதுல விஷயமே. 700 - 800 ரூவாக்கு மேசைல கிளிப் பண்ற மாதிரி கழுத்து வளையுற ஸ்டாண்டு கிடைக்குது. அதுல போன குப்புற மாட்டி கேமராவ நோட்டுமேல காட்டி, போன் ஸ்க்ரீன டிவில போட்டுட்டா போதும். வெளிநாட்டு கிளாஸ்ல டாக்குமெண்ட் கேமரான்னு பல ஆயிரத்துக்கு வச்சிருக்கறது செய்யுற வேல இதுதான்.

அக்கா ஏழாம் வகுப்புல பின்னம் எடுத்துக்கிட்டு இருந்தா. அரையும் மூணுல ஒண்ணும் கூட்டச் சொன்னா பாதி புள்ளைங்க மேலயும் கீழயும் கூட்டி அஞ்சுல ரெண்டுன்னு போட்டிருந்துச்சுங்க. முன்னாடின்னா அவ போர்டுல சரியான முறைய திரும்ப ஒருதடவ போடுவா, எல்லாம் பாத்து எழுதும், அடுத்த வாரம் திரும்ப அஞ்சுல ரெண்டு. இப்ப என்ன பண்றா, ஒரு நோட்ட எடுத்து யாருதுன்னு சொல்லாம கேமராக்கு கீழ வச்சா. தப்புன்னும் சொல்லல. "இது சரியா இருக்குமா, அஞ்சுல ரெண்டு பெருசா அரை பெருசா"ன்னு மட்டும் கேட்டுட்டு ஓரமா நின்னுக்கிட்டா. ஒரு பொண்ணு எந்திரிச்சு "டீச்சர், அஞ்சுல ரெண்டரை இருந்தாதான அரை, இதுல ரெண்டுதான இருக்கு, கூட்டினா எப்படி கம்மியாகும்"னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் பதினஞ்சு நிமிஷம் கிளாசே சண்டை, ஒருத்தன் பேப்பர மடிச்சு காட்டினான், ஆறால பிரிக்கணும்ங்கறது அதுங்க வாய்லேருந்தே வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி போன்ல இத சொல்லும்போது அவ குரல்ல இருந்த சந்தோஷத்த நான் ரொம்ப வருஷமா கேட்டதில்ல.

டிவிங்கறது அங்க சும்மா பெரிய கண்ணாடி மாதிரிதான், புள்ளைங்க எழுதினது அதுங்களுக்கே பெருசா தெரியுது, தன் நோட்டு நாளைக்கு மேல வரலாம்னு கையெழுத்து கூட கொஞ்சம் சரியாகுது. நெட் வேணாம், பென்டிரைவ்ல வீடியோ இருந்தா போதும், ரிமோட் எல்லாருக்கும் தெரியும், ரிப்பேருக்கு டவுன் கடைலேருந்தே ஆள் வரும்.

குறையும் இருக்கு. டச் கிடையாது. கிட்ட போய் தட்டி ஒடைக்க வாய்ப்பு இருக்கு, அதனால அஞ்சரை அடி உயரத்துல மாட்டி முன்னாடி மடக்குற மாதிரி ஒரு கிரில் போடணும், அதுக்கு வெல்டிங் கடைல 5 - 6 ஆயிரம். போன் டீச்சரோட சொந்த போன், நடுவுல எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் பதிவு) அத அனுப்பு இத அனுப்புன்னு மெசேஜ் வந்து டிவில எல்லாருக்கும் தெரியும், ஒருநாள் அக்காவோட நகைச்சீட்டு குரூப் மெசேஜ் வந்து கிளாசே சிரிச்சுது. அதுக்குன்னு சிம் இல்லாத பழைய போன் ஒண்ணு சேத்துக் குடுத்துடுங்க.

## டேப்லெட்

10 - 12 ஆயிரம்னு 15 வாங்கலாம், ரெண்டு புள்ளைக்கு ஒண்ணு. புள்ளைங்க கைல வேல நடக்குறது மத்த எதுலயும் இந்த அளவுக்கு இல்லங்கறது உண்மை. சரியா செஞ்சா பலன் இருக்குங்கறதுக்கு இந்தியாலயே ஆதாரம் இருக்கு. டெல்லில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு சாஃப்ட்வேர 619 புள்ளைங்கள வச்சு சோதிச்சாங்க, 2019ல வெளியான ஆய்வு, நாலரை மாசத்துல கணக்குலயும் இந்திலயும் மத்த புள்ளைங்கள விட நல்லாவே முன்னேறுச்சுங்க. காரணம், ஆறாவது படிக்கிற புள்ளைங்க கணக்குல சராசரியா ரெண்டரை வகுப்பு பின்னாடி இருந்துச்சு, சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணுக்கும் அது நிக்கிற எடத்துலேருந்து கேள்வி குடுத்துச்சு. நம்ம தொடக்கப்பள்ளி 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல புள்ளைங்கள அதுங்க நெலைக்கு ஏத்த மாதிரி அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறாங்களே அதே யோசனைதான். ஆனா விளம்பரத்துல சொல்லாம விடுற ஒண்ணு, அங்க தெனம் 90 நிமிஷத்துல பாதி நேரம்தான் கம்ப்யூட்டர், மீதி 45 நிமிஷம் சின்னக் குழுவா ஒரு ஆள் உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க.

அந்த சாஃப்ட்வேரும் ஆளும் இல்லாம வெறும் கருவி மட்டும் போனா என்ன ஆகும்னு பெரு நாட்டப் பாருங்க. பிள்ளைகளுக்கு லேப்டாப்னு லட்சக்கணக்குல குடுத்தாங்க, 319 ஸ்கூல்ல அளந்து 2012ல வெளியிட்ட ஆய்வுல கணக்கு, மொழி ரெண்டுலயும் மார்க் நகரவே இல்ல.

தெனப்படி தொல்லை வேற. 15 டேப்லெட்ட சார்ஜ் போட ஒரு ஸ்கூல்ல எத்தன பிளக் பாயிண்ட் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. மே மாசம் முழுக்க பீரோல கிடந்தா பேட்டரி உப்பும். ரெண்டு வருஷத்துல 15ல நாலஞ்சு போயிடும்னு வச்சுக்கங்க. 15ம் ஒண்ணா பேசினா சந்தக்கடைதான், அதனால ஹெட்போனும் வாங்கணும்.

ஒரு எடத்துல மட்டும் இத மொதல்ல வைப்பேன்: ரெண்டே டீச்சர் அஞ்சு வகுப்பையும் பாத்துக்கிற தொடக்கப்பள்ளி, மொத்தமே 25 புள்ளைங்க. ஒரு குரூப்புக்கு டீச்சர் சொல்லிக் குடுக்கும்போது இன்னொரு குரூப் சும்மா இருக்காம அஞ்சாறு டேப்லெட்ல தமிழ்ல, நெட் இல்லாம ஓடுற பயிற்சி செய்யும். 15 எல்லாம் வேணாம், ஆறு போதும், மிச்ச காச அப்படியே வைங்க.

## ஒரே பார்வைல

| | ஸ்மார்ட் போர்டு | ப்ரொஜெக்டர் | டிவி + ஸ்டாண்டு | டேப்லெட் |
|---|---|---|---|---|
| ஆரம்ப செலவு | 1 - 2 லட்சம், ஒரு ரூம் | 40 - 60 ஆயிரம் | கிரில்லோட 65 - 80 ஆயிரம் | 15க்கு 1.5 - 1.8 லட்சம் |
| கடைசி பெஞ்ச் | 65க்கு மேல ஓகே | ஓகே, இருட்டு இருந்தா | 65 இஞ்சாவது வேணும் | பிரச்சனை இல்ல |
| கரண்ட் போனா | யூபிஎஸ் வேணும் | யூபிஎஸ் வேணும் | சின்ன யூபிஎஸ் போதும் | ஓடும் |
| ஆரம்பிக்க | அரை நிமிஷம் | 5 - 10 நிமிஷம் | 2 நிமிஷம் | எடுத்துக் குடுத்து வாங்கவே 10 நிமிஷம் |
| மூணாவது வருஷம் | ஆண்ட்ராய்டு, சர்வீஸ் | லேம்ப், லென்ஸ் | ஒயர், ரிமோட் | பேட்டரி, ஸ்க்ரீன் |
| புள்ளைங்க கைல வேல | ஒருத்தர் ரெண்டு பேர் | கம்மி | நோட்டு வழியா எல்லாரும் | எல்லாரும் |

எது வாங்கினாலும் 2 லட்சத்துல 50 ஆயிரத்த தொடாதீங்க. ஸ்கூல் மேலாண்மைக் குழுவும் நம்ம குரூப்புல ரெண்டு பேரும் சேந்து பாக்குற மாதிரி பேங்க்ல போடுங்க, ரிப்பேருக்கு. ஒடஞ்சா டீச்சர்கிட்ட கேக்க மாட்டோம், நாங்களே சரி பண்ணுவோம்னு எல்லா டீச்சர் முன்னாடியும் வாயத் தொறந்து சொல்லிடுங்க. இத சொன்னதுக்கு அப்புறம்தான் எங்க ஸ்கூல்ல பீரோ சாவி மேசைக்கு வந்துச்சு.

எங்க பேட்ச் ரெண்டாவது ரவுண்டுல ஆறு, ஏழாவதுக்குப் பொதுவா ஒரு 65 இஞ்ச் டிவி, கிரில், சின்ன யூபிஎஸ், ரெண்டு ஸ்டாண்டு, ஒரு பழைய போன். மொத்தம் 92 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது, 50 பேங்க்ல, மிச்சம் இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம். சிங்கப்பூர்காரருக்கு மட்டும் மனசு ஆறல. திறப்பு விழாக்கு வந்தவரு டிவி முன்னாடி நின்னு பாத்தாரு, ஸ்டாண்ட கைல எடுத்துப் பாத்தாரு, "ஏன்டா 750 ரூவா சாமானுக்கா நான் லீவு போட்டு வந்தேன்"னாரு. அப்புறம் அவரே அதுக்கு ஒரு சின்ன ரிப்பன் கட்டினாரு.